எட்டாம் நம்பர் மீட்டர்

“ஆறு தடவை கூப்பிட்டுட்டேன் சார். பதிலே வரலை” என்றான் தோத்தாத்ரி. நெற்றியில் இட்டிருந்த ஸ்ரீசூர்ணம் வியர்வையில் கரைந்து மூக்குத் தண்டு வரை இறங்கியிருந்தது.

அவன் கூப்பிட்டது மனுஷனை இல்லை. மேஜைமேல் இருந்த ஒரு மீட்டரை. வாயால் கூப்பிடவும் இல்லை. டெலிபிரிண்டர் முன்னால் உட்கார்ந்து தட்டித் தட்டிக் கூப்பிட்டான். அவன் தட்டுவதைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டர் மீட்டருக்கு உத்தரவு போடும். மீட்டர் அளந்து நம்பரைத் திருப்பி அனுப்பும். அந்த நம்பர் தாளில் அச்சாகும். இதைக் கற்றுக்கொண்டு வரத்தான் கம்பெனி அவனை ஆறு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தது. எதிரே இருக்கிற மீட்டரைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு விமான டிக்கெட்டு!

மூலையில் நின்ற தனசிங் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷமாக அந்த லேபில் மீட்டர் பார்க்கிறவர். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த அந்தக் கம்பெனி வயர்லெஸ் செட் செய்தது. ஒவ்வொரு செட்டிலும் சிக்னல் எவ்வளவு வருகிறது என்று அளந்த பிறகுதான் வெளியே போகும். அளப்பது தனசிங். முள் எங்கே நிற்கிறதோ அதைச் சொல்வார். அஞ்சாங்கிளாஸ் தாண்டாத ஆள்தான். ஆனால் அவர் சொன்ன நம்பரை இன்றுவரை ஒருத்தனும் அடித்துத் திருத்தியதில்லை.

இந்த மார்ச் முப்பத்தொன்றோடு அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. மகள் சரோஜினி டீச்சர் டிரெயினிங்கில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறாள். முடிக்க இரண்டு வருஷம் ஆகும். இரண்டு வருஷம் வேலை நீடிப்பு கேட்டு எழுதிக் கொடுத்த தாள் மானேஜர் லோகநாதனின் டிராயரில் கிடந்தது. போதாக்குறைக்கு மச்சினன் சுவிசேஷமுத்து, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சேலையூர் வீட்டுக்குத் தினமும் காலை ஒன்பதுக்கு வந்து மாலை ஐந்து வரை நாட்டு நிலைமை பேசுகிறவன். வேலை போனால் அந்த எட்டு மணி நேரத்தையும் தனசிங்தான் கேட்டாக வேண்டும்.

மானேஜர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: “கிண்டி கவர்ன்மெண்ட் ஆபீஸ்லேருந்து இன்ஸ்பெக்டர் வர்றார்யா. மெஷினைப் பரீட்சை பண்ணுவார். தேறலைன்னா நீ இரு. தேறிடுச்சுன்னா அப்புறம் நீ எதுக்கு?”

அந்த இன்ஸ்பெக்டர்தான் இன்று இரண்டரை மணிக்கு வருகிறார். இப்போது மணி பத்தரை.

“எப்படிக் கூப்பிடறே?” என்றார் லோகநாதன்.

“நம்பர் சொல்லித்தான் சார். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நம்பர் உண்டு. இதோட நம்பர் எட்டு. எட்டுன்னு கூப்பிட்டா இது மட்டும் திரும்பிப் பாக்கும்.”

லோகநாதன் முகம் சுண்டிப்போனது. தனசிங் கீழுதட்டைக் கடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். லோகநாதனுக்கு எண் ஜோசியத்தில் பைத்தியம். ஸ்கூட்டர் நம்பர், வீட்டு நம்பர், மகள் கல்யாணத் தேதி எல்லாம் கூட்டினால் ஐந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயந்திரம், தோத்தாத்ரி கிளம்பிப் போன பிறகு, அவர் மீட்டரைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் ஒரு குட்டிச் சக்கரம், அதற்கு ஒரு ஜன்னல், ஜன்னலில் எட்டு. “இருபது வருஷமா என்னை உருட்டறது இந்த எட்டுதான்யா! திருப்பு இதை அஞ்சுக்கு” என்றார். திருப்பியது தனசிங்தான். கதவுக்குப் போடுகிற நம்பர் மாதிரி ஏதோ என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டார்கள்.

தனசிங்குக்கு இப்போது புரிந்துவிட்டது. பேர் மாற்றி வைத்த பிள்ளையைப் பழைய பேரால் கூப்பிட்டால் எது திரும்பும்? தொண்டையைச் செருமினார்.

“சார், அந்தச் சக்கரத்துல எட்டு இல்ல சார்…”

“தனசிங், ப்ளீஸ்!” என்று கையெடுத்துக் கும்பிட்டான் தோத்தாத்ரி. “இது நீங்க முள்ளு பாக்கற சமாச்சாரம் இல்லை. புரோகிராம். உங்களுக்குப் புரியாது. அந்த ஓரமா நில்லுங்கோ.”

தனசிங் மானேஜரைப் பார்த்தார். மானேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

சரி, எனக்குப் புரியாததுதானே என்று தனசிங் ஓரமாகப் போய் நின்றார். ஒரு தடவை சொல்லியாயிற்று. மெஷின் தேறாவிட்டால் சரோஜினி படிப்பாள். அவருக்கு என்ன வந்தது?

“எனக்கென்னமோ ஒயர்லதான் கோளாறுன்னு தோணுது” என்றார் லோகநாதன், எட்டிலிருந்து பேச்சை இழுத்துக்கொண்டு ஓடுகிற அவசரத்தில்.

எலெக்ட்ரீஷியன் உமர் வந்தான். அஸ்தினாபுரம்வாசி. எந்த ரிப்பேருக்கும் உப்புத்தாளும் பெட்ரோலும்தான் அவன் மருந்து. கம்ப்யூட்டரையும் மீட்டரையும் இணைக்கும் ஒயரின் முனையில் இருபத்துநாலு ஊசிகள். பெட்ரோல் விட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தான். ஒன்று வளைந்தது. குறடால் நிமிர்த்தினான். கையோடு வந்துவிட்டது.

“அய்யய்யோ!” என்றான் தோத்தாத்ரி.

“இன்னும் இருபத்து மூணு கீதே சார். ஒண்ணு போனா இன்னா?”

மாட்டினார்கள். அதுவரை பேசாமலாவது இருந்த டெலிபிரிண்டர் இப்போது நிறுத்தாமல் மணியடிக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் தோற்றது.

“எர்த்து!” என்று கத்தினார் லோகநாதன். “எர்த்து சரியில்லை! குழியில உப்புத் தண்ணி ஊத்துங்கய்யா!”

கட்டிடத்துக்குப் பின்னால் எர்த்துக் குழி இருந்தது. கோடையில் மண் காய்ந்துபோனால் அதில் கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது கம்பெனி வழக்கம். கூட்டிப் பெருக்குகிற புஷ்பம் ஐந்து பக்கெட் தண்ணீர் சுமந்தாள்.

“இன்னா உமரு, பொட்டிக்கு வயித்தால போவுதா? உப்புத் தண்ணி குடுக்குற?”

“நீ ஊத்து ஆயா. மேலிடத்து உத்தரவு.”

குழி குளிர்ந்தது. எர்த்து உயிர்பெற்றது. பல வருஷமாக எங்கெங்கோ கசிந்துகொண்டு, போக வழி தெரியாமல் சுவருக்குள் பதுங்கியிருந்த கரண்டுக்கெல்லாம் வழி பிறந்தது. பட்டென்று ஒரு சத்தம். விசிறி நின்றது, விளக்கு நின்றது, நல்லவேளையாக டெலிபிரிண்டர் மணியும் நின்றது.

“ஃபியூஸ் பூட்ச்சு” என்றான் உமர். மறுபடி போட்டான், மறுபடி போனது. மூன்றாவது தடவை அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. துணி காயப்போடுகிற கம்பி கனத்துக்கு ஒரு செப்புக் கம்பியைத் தேடிக் கொண்டுவந்து முறுக்கினான். “இப்போ யானை வந்து மிதிச்சாலும் போவாது சார்!”

சொன்னது வாஸ்தவம். ஃபியூஸ் போகவில்லை. மீட்டர்தான் போனது.

முதலில் ஒரு முனகல், பிறகு ஊதுபத்தி மாதிரி மெல்லிசாக ஒரு புகை, பிறகு கருகிய வாடை. ஜெர்மனியிலிருந்து மரப்பெட்டியில் வைக்கோல் சுற்றி வந்த சாமான், ஒரு நாள் கூட உழைக்காமல் கண்ணை மூடிவிட்டது. தோத்தாத்ரி அதன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

மணி ஒன்றே முக்கால்.

லோகநாதன் நாற்காலியில் சரிந்தார். “இந்த மெஷினைக் காட்டித்தான்யா நானூறு செட் ஆர்டர் வாங்கியிருக்கேன். மெஷின் இல்லைன்னு தெரிஞ்சா ஆர்டரும் இல்லை, நானும் இல்லை.” திடீரென்று நிமிர்ந்தார். “யோவ் தனசிங், உன்னோட பழைய முள்ளு மீட்டர் எங்கேய்யா?”

“ஓட்டை ஒடைசலோட சேத்து எடைக்குப் போடணும்னு நீங்கதானே சார் ஒதுக்கி வெச்சீங்க?”

“எடுத்துக்கிட்டு வா, ஓடு!”

அடுத்த முக்கால் மணி நேரத்தில் நடந்ததுதான் அந்தக் கம்பெனி சரித்திரத்திலேயே ஒழுங்காக நடந்த வேலை. லேபுக்கு நடுவில் ஒட்டுப்பலகையால் ஒரு மறைப்பு அடித்தார்கள். பின்னால் தனசிங்கும் அவருடைய முள் மீட்டரும். செட்டிலிருந்து தரையோடு ஒரு ஒயர் ஓடி வந்து அந்த மீட்டரில் ஏறியது. முன்னால் ஒரு டெலிபிரிண்டர், பின்னால் ஒரு டெலிபிரிண்டர். முன்னே தட்டினால் பின்னே அச்சாகும், பின்னே தட்டினால் முன்னே அச்சாகும். பின்னால் தட்டுவதற்கு டைப்பிஸ்ட் ரமா.

“அப்போ கம்ப்யூட்டர் எங்க சார் வருது?” என்று கேட்டாள் ரமா.

“அது குறுக்க வரலைம்மா. அது பாட்டுக்கு லைட்டு எரிஞ்சுண்டு இருக்கட்டும்” என்றான் தோத்தாத்ரி. ஆறு மாதப் படிப்பைக் கழற்றி வைத்த பிறகு பையன் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

செத்துப்போன மீட்டருக்குள் உமர் ஒரு டார்ச் லைட் பேட்டரியையும் பல்பையும் வைத்து மூடினான். “உயிர் இல்லாங்காட்டியும் முழி இருக்கணும் பாரு.”

இன்ஸ்பெக்டர் சௌகத் அலி சரியாக இரண்டரைக்கு வந்தார். நரைத்த மீசை, அதிர்ந்து பேசாத மனுஷர். அவர் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவர் வேதசிரோமணி. ஆபீஸ் அட்டெண்டர், அறுபதை நெருங்குகிறவர், சோடாபுட்டிக் கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். பெட்டியில் மூன்று வயர்லெஸ் செட்டுகள். மூன்றையும் கிண்டி ஆபீசிலேயே அளந்து, நம்பரை உறையில் போட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். இங்கே மெஷின் சொல்கிற நம்பர் உறைக்குள் இருக்கிற நம்பரோடு ஒத்துப்போக வேண்டும்.

“எங்க ஆபீஸ்லயும் இதே மாதிரி மெஷின் ஒண்ணு இருக்கு” என்றார் சௌகத் அலி. “உங்களுது எப்படி? மழை நாள்ல காலையில லேட்டா ஸ்டார்ட் ஆகுமா?”

“சேச்சே! மழையாவது, புயலாவது. எட்டரைக்கு டாண்ணு ஸ்டார்ட் ஆயிடும் சார்” என்றார் லோகநாதன்.

“மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் மந்தமாகுமா? எங்களுது ரெண்டு மணிக்கு மேல சுணங்கும்.”

“எங்களுதுக்கு அந்தப் பழக்கமே கிடையாது சார்.”

“பரவாயில்லையே” என்று இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டார். என்ன கேள்வி இதெல்லாம் என்று மறைப்புக்குப் பின்னால் தனசிங் உதட்டைப் பிதுக்கினார். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மெஷினைக் கண்டால் மூளை இளகிவிடுகிறது.

முதல் செட்டை மாட்டினார்கள். தோத்தாத்ரி முன்னால் தட்டினான். பின்னால் ரமாவின் தாளில் ‘எட்டாம் நம்பர், அளந்து சொல்’ என்ற உத்தரவு இங்கிலீஷில் வந்து விழுந்தது. அவள் தனசிங்குக்குச் சைகை காட்டினாள். தனசிங் முள்ளைப் பார்த்தார்.

“இருபத்தேழு புள்ளி நாலு” என்றார், காதோரமாக.

ரமா தட்டினாள். முன்னால் சடசடவென்று அச்சானது. சௌகத் அலி உறையைப் பிரித்தார். இருபத்தேழு புள்ளி நாலு. லோகநாதன் விட்ட மூச்சில் மறைப்பு ஆடியது.

இரண்டாவது செட்டை மாட்டும்போதுதான் ரமா அவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். “அண்ணா, உங்களுக்கு மூளை இருக்கா? மெஷின் தேறிட்டா உங்க வேலை போயிடும். ஒரு நம்பரைத் தப்பாச் சொல்லித் தொலைங்களேன்! நான் அடிச்சுடறேன்.”

அப்போதுதான் தனசிங்குக்கே உறைத்தது. காலையிலிருந்து எந்த மெஷின் நாசமாகப் போக வேண்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாரோ, அந்த மெஷினாக இப்போது அவரே உட்கார்ந்திருக்கிறார். ஒரே ஒரு நம்பர். முப்பது என்பதை நாற்பது என்றால் போதும். சரோஜினி முகம் கண்முன் வந்தது. பின்னாலேயே சுவிசேஷமுத்து முகமும் வந்தது.

உத்தரவு வந்து விழுந்தது. முள் ஏறியது, நின்றது. தனசிங் வாயைத் திறந்தார். நாற்பது என்று சொல்லத்தான் திறந்தார்.

“பத்தொம்பது புள்ளி ரெண்டு” என்றது வாய். சனியன் பிடித்த வாய். இருபத்தாறு வருஷமாக முள்ளுக்கு அடிமைப்பட்ட வாய்.

“உங்களைத் திருத்தவே முடியாது” என்று ரமா தலையில் அடித்துக்கொண்டு தட்டினாள்.

உறையிலும் அதேதான். பத்தொன்பது புள்ளி இரண்டு.

மூன்றாவது செட். “முப்பத்தொண்ணு புள்ளி அஞ்சு.”

சௌகத் அலி உறையைப் பிரித்தார். “எங்க மெஷின் முப்பத்தொண்ணு புள்ளி ஒன்பதுன்னு சொல்லியிருக்கே” என்றார். “மறுபடி கேளுங்க.”

லோகநாதனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தோத்தாத்ரி மறுபடி தட்டினான். ரமா கெஞ்சுகிற மாதிரி தனசிங்கைப் பார்த்தாள். ஒன்பது என்று சொன்னால் மானேஜர் பிழைப்பார். வேறு எதையாவது சொன்னால் தனசிங் பிழைப்பார். முள் என்னவோ புள்ளி ஐந்திலேயே ஆணியடித்த மாதிரி நின்றது.

“முப்பத்தொண்ணு புள்ளி அஞ்சு” என்றார் தனசிங். “இன்னொரு வாட்டி கேட்டாலும் அதேதான்.”

முன்னால் வேதசிரோமணியின் கையிலிருந்து பென்சில் நழுவி உருண்டது. எடுக்கக் குனிந்தார். மறைப்புத் தரை வரை இறங்கவில்லை, ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியில் டயர்ச் செருப்புப் போட்ட இரண்டு காலும் கொலுசு போட்ட இரண்டு காலும் தெரிந்திருக்கும். குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை. தனசிங் செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டார். போயிற்று, எல்லாம் போயிற்று.

வேதசிரோமணி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இன்ஸ்பெக்டர் காதில் ஏதோ சொன்னார்.

“உங்க மெஷின் சொல்றதுதான் சரி” என்றார் சௌகத் அலி, நிதானமாக. “எங்களுதுதான் தப்பு. ரொம்ப அருமையான மெஷின்.” ரிப்போர்ட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி குடிக்க மானேஜர் அறைக்குப் போனார்.

நாலு மணிக்குக் கார் கேட்டைத் தாண்டியது. தனசிங் மானேஜர் அறைக்குள் போனார்.

“சார், அந்த எக்ஸ்டென்ஷன் தாளு…”

லோகநாதன் ரிப்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். முகத்தில் புது மாப்பிள்ளை களை. “எக்ஸ்டென்ஷனா? கவர்ன்மெண்டே எழுதிக் குடுத்துட்டான்யா, அருமையான மெஷின்னு! புள்ளி சுத்தமா ரீடிங் எடுக்குது. இனிமே நீ எதுக்கு?”

“சார், அந்த ரீடிங் எடுத்தது நான்தானே சார்?”

“இன்னைக்கு எடுத்தே. நாளைக்கு அதுவே எடுக்கும். தோத்தாத்ரி ரிப்பேர் பண்ணிடுவான். முப்பத்தொண்ணாம் தேதி உனக்கு மாலை போடறோம். நல்ல பெரிய மாலையாவே போடச் சொல்றேன்.”

பொய் சொல்கிறவனையாவது திட்டலாம். தான் சொன்ன பொய்யைத் தானே நம்பிவிட்டவனை என்ன சொல்லித் திட்டுவது? அந்த ஐந்தாம் நம்பர் விவகாரத்தைத் தோத்தாத்ரியிடமும் சொல்லாமலே தனசிங் வெளியே வந்தார். தோத்தாத்ரி இன்னும் ஒரு வருஷம் எட்டு எட்டென்று கூப்பிட்டுக்கொண்டு கிடக்கட்டும்.

ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். வீட்டில் பெண்டாட்டி சாராளிடம் போய் என்ன சொல்வது?

“அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க” என்று ஒரு குரல். வேதசிரோமணி.

தனசிங் டீ கிளாசைக் கீழே வைத்தார். “நீங்க கார்ல போவலியா?”

“சார்தான் இறக்கிவிட்டாரு. உங்களைப் பாத்துட்டு ரயில்ல வான்னாரு.” அவர் பார்வை கீழே இறங்கி டயர்ச் செருப்பில் நின்றது. “நீங்க கண்ணாடி போடறதில்லையோ?”

“போட்டதே இல்ல. எதுக்குக் கேக்குற?”

“ரிட்டயர்மெண்டு எப்போ?”

“வர்ற முப்பத்தொண்ணு. இன்னாய்யா, போலீசு கணக்கா கேட்டுக்கினே போற?”

வேதசிரோமணி சட்டைப்பையிலிருந்து மடித்த பாரம் ஒன்றை எடுத்துப் பெஞ்சில் விரித்தார். முழுக்க இங்கிலீஷ். அடியில் சௌகத் அலியின் கையெழுத்து இருந்தது.

“இதுல உங்க பேரை மட்டும் எழுதணும். எங்க ஆபீஸ் மெஷினுக்கு உதிரி பாகம் வாங்குற பாரம். ஒண்ணாம் தேதியிலேருந்து, ரெண்டு வருஷத்துக்கு. வயசு கேக்குற கட்டமே இதுல கிடையாது.”

“உதிரி பாகமா?” தனசிங் எழுந்தேவிட்டார். “யோவ், இருபத்தாறு வருஷத்துல ஒரு திருகாணி வூட்டுக்கு எடுத்துக்கினு போனவன் இல்ல நானு! உங்க மெஷினுக்கும் எனக்கும் இன்னாய்யா சம்பந்தம்?”

வேதசிரோமணி சோடாபுட்டியைக் கழற்றினார். பால் படர்ந்த மாதிரி வெளுத்திருந்த இரண்டு கண்ணாலும் தனசிங் இருந்த திக்கை உத்தேசமாகப் பார்த்தார்.

“எங்க ஆபீஸ் மெஷின் நான்தாண்ணே. கண்ணுல புரை விழுந்துடுச்சு, அதான் சார் ரெண்டு மாசமா என்னைக் கூட்டிக்கிட்டுக் கம்பெனி கம்பெனியா மறைப்புக்குப் பின்னாடி நல்ல மெஷினா தேடிக்கிட்டிருக்காரு.”